நோர்வேயில் உயிர்ப்புப் பெருநாள்: ஈஸ்ட்டைப் புதன்கிழமையே வாங்குங்கோ

தங்கச்சி, முல்லைத்தீவிலிருந்து ஒஸ்லோ வந்து இதுதான் முதல் பெரிய கிழமை (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின வாரம்) என்று எழுதியிருக்கிறீங்கள். பெருநாளுக்கு வீட்டிலேயே பணிஸ் சுடலாமோ, பூசைக்கு என்ன ஆயத்தம், லீவு முழுக்க ஏன் எல்லாரும் துப்பறியும் கதையும் கையுமாக இருக்கினம் என்று மூன்று கேள்வி.

முதலில் கடை. பெரிய வியாழன், பெரிய வெள்ளி, ஞாயிறு, திங்கள் நாலு நாளும் பெரிய கடைகள் பூட்டு. சனிக்கிழமை திறந்தாலும் பின்னேரம் 4 மணியோடு சரி. பெற்றோல் செட்டும் சின்னக் கடையும் திறந்திருக்கும், ஆனால் அங்கே ஈஸ்ட் இருக்குமென்று நம்பிப் போகாதேங்கோ.

பன்னிரண்டு பணிசுக்குக் கோதுமை மா 500 கிராம், பால் 250 மில்லிலீற்றர், சீனி 75 கிராம், பட்டர் 75 கிராம், முட்டை ஒன்று, முந்திரிகை வத்தல் 100 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, ஏலக்காய்த் தூள் இரண்டு தேக்கரண்டி, கறுவாத் தூள் ஒன்று. உலர் ஈஸ்ட் என்றால் 12 கிராம் பக்கெற் ஒன்று. பச்சை ஈஸ்ட் என்றால் 50 கிராம் கட்டி ஒன்று. இந்த நாட்டுச் சமையல் குறிப்புகளில் மாவை டெசிலீற்றரில் (100 மில்லிலீற்றர்) சொல்லுவினம். ஒரு டெசிலீற்றர் மா 60 கிராம் அளவில் நிற்கும். தேத்தண்ணிக் கோப்பையால் அளந்தால் அங்கேயே பிழைத்துவிடும். ஒரு சின்னத் தராசு வாங்குங்கோ. நோர்வேக்காரரின் பணிசிலும் ஏலக்காய்தான் மணக்கும், அதனால் அந்தத் தூள் எந்தக் கடையிலும் கிடைக்கும். கறுவாவை மட்டும் ஆசைக்குக் கூட்டாதேங்கோ, அது ஈஸ்ட்டை மந்தமாக்கும்.

பாலை விரல் வைத்தால் சூடும் குளிரும் தெரியாத அளவுக்குச் சூடாக்குங்கோ, 37 பாகை போதும். கொதித்த பாலை அப்படியே ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும், பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மா பொங்காது. பட்டரையும் வத்தலையும் விட்டு மற்றதெல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம் குழையுங்கோ. அதன் பிறகு பட்டரைத் துண்டு துண்டாகப் போட்டு இன்னும் ஐந்து நிமிடம். மா கையில் ஒட்டும், ஒட்டத்தான் வேணும். ஒட்டுதே என்று மேலும் மேலும் மா தூவுவதுதான் எல்லாரும் விடுகிற பிழை. பணிஸ் அடுத்த நாளே கல்லாகும். ஒரு துண்டைப் பிய்த்து விரலால் இழுத்துப் பாருங்கோ. கிழியாமல் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாக விரிந்தால் பதம் சரி. வத்தலை முன்கூட்டியே சுடுதண்ணியில் ஊறவைத்து வடித்து, கடைசியில் சேருங்கோ. ஊறாத வத்தல் மாவின் ஈரத்தை இழுக்கும், மேலே துருத்தி நிற்பது கருகும்.

வன்னி வெக்கையில் முக்கால் மணித்தியாலத்தில் பொங்குகிற மா இங்கே ஒன்றரை மணித்தியாலமும் எடுக்கும். மணிக்கூட்டைப் பார்க்காமல் மாவைப் பாருங்கோ, இரண்டு மடங்காக வேணும். அவசரப்பட்டுச் சுட்டால் பக்கம் வெடிக்கும். பொங்கினதைப் பன்னிரண்டாகப் பிரித்து உருட்டி, தட்டில் அடுக்கி, ஈரத்துணியால் மூடி இன்னும் 40 நிமிடம் விடுங்கோ.

பணிசின் மேலே போடுகிற சிலுவைக்கு 60 கிராம் மாவில் நாலைந்து மேசைக்கரண்டி தண்ணி விட்டுக் கரைத்து, பிளாஸ்ரிக் பையில் ஊற்றி, மூலையைச் சின்னதாக வெட்டிக் கோடு இழுங்கோ. தண்ணியாக இருந்தால் வழியும். இறுகினால் வெந்த பிறகு கழன்று விழும். ஓவனின் மேலும் கீழும் சூடாகும் நிலையில் 220 பாகை, 12 முதல் 14 நிமிடம். விசிறிக் குறியில் வைத்தால் 200 போதும். இரண்டு கரண்டி சீனியை இரண்டு கரண்டி தண்ணியில் காய்ச்சி, சூட்டோடு மேலே பூசினால் மினுங்கும். மிஞ்சினதை ஆறியதும் உறைபெட்டியில் வையுங்கோ, வெளியில் வைத்தால் இரண்டாம் நாளே காய்ந்துவிடும்.

சிலுவைப் பணிசைப் பெரிய வெள்ளியில் சாப்பிடுவது இங்கிலாந்து வழக்கம். எங்கட ஆக்களுக்கு அன்றைக்குக் கஞ்சிதான், அதை மாற்றத் தேவையில்லை. 18 முதல் 59 வயது வரை உள்ளவருக்கு ஒருசந்தி: ஒரு நேரச் சாப்பாடும் இரண்டு சின்ன ஆகாரமும். பசாம் (இயேசுவின் பாடுகளைச் சொல்லும் ஒப்பாரிப் பாடல்) படிக்கிற குடும்பமென்றால் புத்தகத்தை ஊரிலிருந்து எடுப்பித்து வையுங்கோ.

சனி இரவுப் பூசை இருட்டிய பிறகே தொடங்க வேணும். வன்னியில் ஆறரைக்கு இருட்டிவிடும். இங்கே ஏப்ரல் தொடக்கத்திலேயே சூரியன் மறைய எட்டு மணியாகும், அதனால் சின்னப்பிள்ளைகளை மத்தியானம் படுக்கவையுங்கோ. நோர்வேஜிய மொழிப் பூசை என்றால் தொடக்கநூல் 1, விடுதலைப் பயணம் 14, உரோமையர் 6 மூன்றையும் தமிழில் வாசித்துவிட்டுப் போங்கோ, பாதி விளங்கும். மார்ச் கடைசி ஞாயிறு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவினம். 2024இல் உயிர்ப்பு ஞாயிறும் அதே நாளில் வந்தது, 2027இலும் வரும். அந்த வருடம் காலைப் பூசையைத் தவறவிடாதேங்கோ.

இந்தப் பெருநாள் துப்பறியும் கதைக்கு இங்கே போஸ்கெக்ரிம் என்று பெயரே உண்டு; போஸ்கெ என்றால் உயிர்ப்புப் பெருநாள். போஸ்கெயும் எங்கட பாஸ்காவும் ஒரே சொல். 1923இல் பேர்கன் ரயில் இரவில் கொள்ளையடிக்கப்பட்டதாக ஒரு பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. பலர் உண்மைச் செய்தி என்றே நினைத்தார்கள்; உண்மையில் அது நாவலுக்கான விளம்பரம். வழக்கம் அங்கிருந்து தொடங்கினது. மொழி படிக்கிற உங்களுக்கு முதல் புத்தகம் பால் பெட்டி: பெருநாள் காலத்தில் அதன் பக்கத்திலேயே படத்தோடு ஒரு சின்னத் துப்பறியும் புதிர் அச்சடித்திருக்கும், பத்து வரிகூட வராது. அடுத்தபடியாக நூலகத்தில் லெட்லெஸ்ட் என்று கேளுங்கோ, எளிய மொழிப் புத்தகங்கள் தருவினம். நூலகமும் லீவில் பூட்டியிருக்கலாம், அதையும் புதனுக்குள் எடுங்கோ. வெள்ளிக்கிழமை கொலைக் கதை வேண்டாமென்பது என் எண்ணம். சனிக்கிழமை மா பொங்குகிற ஒன்றரை மணித்தியாலம் அதற்குத் தோதான நேரம்.

ஊரில் நடுச்சாமப் பூசை தொடங்கும்போது, மணிக்கூடு மாறின பிறகு, இங்கே சனி இரவு 8.30. அம்மாவோடு கதைக்க வேணுமென்றால் எட்டு மணிக்கு முன் எடுங்கோ, பிறகு கோயிலுக்குப் போயிடுவா.