வாசகர் கேள்வி–பதில்: மிதிவண்டித் தடத்தில் ஸ்கூட்டர் போகலாமா?

கேள்வி: எங்கள் பகுதிச் சாலையோரத்தில் மிதிவண்டிகளுக்கெனக் கோடு போட்டிருக்கிறார்கள். என் மகள் அதில்தான் பள்ளிக்குப் போகிறாள். ஆனால் ஸ்கூட்டர்களும் அதற்குள் வருகின்றன. மணலிக்கு வேலைக்குப் போகும் என் கணவரே, கன்டெய்னர் லாரிகளுக்குப் பயந்து அதில் ஓட்டுவதாகச் சொல்கிறார். இது சரியா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: சட்டப்படி சரியில்லை. மிதிவண்டிக்கென ஒதுக்கப்பட்ட தடத்தில், சீருடையிலுள்ள காவலர் அனுமதித்தாலன்றி, மோட்டார் வாகனத்தை ஓட்டக் கூடாது என்பது நெடுங்காலமாக உள்ள சாலை விதி. ஆயினும் உங்கள் கணவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. துறைமுகங்களுக்குப் போய்வரும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் எண்ணூர் விரைவுச் சாலையில், இருசக்கர வண்டிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் மண் படிந்த ஓரம்தான். நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டிலேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் வெறும் வண்ணக்கோடு யாரையும் தடுப்பதில்லை. இடையில் தடுப்புக்கல் வைத்தால்தான் அது தடம்.

கோட்டைவிட நான் அதிகம் அஞ்சுவது சாலைச் சந்திப்புகளைத்தான். நாற்பது அடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது, பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியில் போகாமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். உயரத்தில் அமர்ந்திருக்கும் ஓட்டுநருக்கோ, வண்டியை ஒட்டி இடப்பக்கம் நிற்பவர் கண்ணில் படுவதே இல்லை. தாராளமாகத் தெரிந்த இடைவெளி, வண்டி திரும்பத் திரும்பச் சுருங்கி, அங்கே புகுந்தவரை நடைபாதையோடு சேர்த்து நெருக்கிவிடும். இடது ஓரத்து மிதிவண்டித் தடமோ நேராக அந்த இடத்துக்குத்தான் கொண்டுபோய் விடுகிறது. எனவே சிக்னலில் டிரெய்லர் நின்றால், இடப்பக்கமாக முன்னேறாமல் அதன் பின்னாலேயே காத்திருக்க உங்கள் மகளிடம் சொல்லுங்கள். ஓட்டுநரின் முகம் பக்கக் கண்ணாடியில் தனக்குத் தெரியவில்லையென்றால், தானும் அவருக்குத் தெரியவில்லை என்று அவள் கொள்ள வேண்டும். உங்கள் கணவருக்கும் இதே பேச்சுத்தான். தடத்துக்குள் ஸ்கூட்டரின் வேகத்தில் வருபவரை, அங்கே மெதுவான மிதிவண்டியை மட்டுமே எதிர்பார்க்கும் ஓட்டுநர் கணிக்க முடியாது.

தண்டவாளத்தைக் கடக்கும் இடங்களில், குறிப்பாக மழையில், சக்கரம் தண்டவாளத்துக்குக் குறுக்காகச் செல்லும்படி கடக்க வேண்டும்; சாய்வாகப் போனால் சறுக்கும்.

கேள்வி: பதினைந்து வயது மகனுக்கு, உரிமம் தேவையில்லாத மின்சார ஸ்கூட்டர் வாங்க நினைக்கிறேன். அதை மிதிவண்டித் தடத்தில் ஓட்டலாமா?
– ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: மோட்டாரின் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்தால், விதிகள் அதை மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை, அதனால்தான் உரிமமும் பதிவும் வேண்டாம். அதற்காக அது மிதிவண்டி ஆகிவிடாது. 25 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு ஏறக்குறைய ஏழு மீட்டர்; சத்தமின்றிப் பின்னால் வரும் அந்த வேகத்தை, மிதிவண்டியில் போகும் சிறுமி அறியவே மாட்டாள். குழந்தைகள் செல்லும் தடத்தில் அதை விடக் கூடாது என்பது என் கருத்து.

வேகக் கட்டுப்பாட்டை நீக்கித் தருவதாகக் கடையில் யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிச் செய்தால் அது பதிவும் காப்பீடும் உரிமமும் வேண்டிய மோட்டார் வாகனமாகிவிடும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், சிறார் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் இழைத்தால், பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு.