லிபரல்களுக்குள் என்னதான் சண்டை? கேள்வி பதில்

கேள்வி: தாராளவாதமும் தாராளமயமும் ஒன்றுதானே சார்?

இல்லை. தாராளமயம் என்பது தொழில், வணிகத்தின் மேல் அரசு வைத்திருக்கும் கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது. தாராளவாதம் என்பது லிபரலிசம், தனிமனித சுதந்திரத்தை முன்னிறுத்தும் அரசியல் சிந்தனை. அது அதைவிடப் பழையது, பெரியது. அமெரிக்காவில் லிபரல் என்றால் அரசு நலத்திட்டங்களை ஆதரிப்பவர். ஐரோப்பாவில் பல இடங்களில் அதே சொல் சந்தைக்கு அதிக சுதந்திரம் கேட்பவரைக் குறிக்கும்.

கேள்வி: அப்புறம் எல்லாரையும் ஒரே பெயரில் ஏன் அழைக்கிறோம்?

ஒருவர் தன் விருப்பப்படி நடக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, தடுக்க வருகிறவர்தான் காரணம் சொல்ல வேண்டும், அது அரசனோ, மதகுருவோ, பெரும்பான்மையோ, யாராக இருந்தாலும் சரி. இதில் லிபரல்கள் எல்லாருக்கும் பெரும்பாலும் ஒரே குரல்தான். எது 'தடை' என்று கேட்டால்தான் பிய்த்துக்கொள்ளும். சட்டம் தடுத்தால் மட்டும்தான் தடையா, கையில் காசில்லாததும் தடையா? தடையில்லாமல் இருப்பது மட்டும் சுதந்திரமாகாது, செய்யும் திறனும் வேண்டும் என்று ஆங்கிலத் தத்துவவாதி டி. எச். கிரீன் 1881-லேயே வாதாடினார்.

கேள்வி: ரால்ஸ், நோசிக் சண்டையைப் புரிகிற மாதிரி சொல்லுங்களேன்.

இருவரும் அமெரிக்கத் தத்துவவாதிகள், ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரே தத்துவத் துறை. பணக்கார வீட்டில் பிறப்போமா, திறமையோடு பிறப்போமா என்றே தெரியாத நிலையில் சமூகத்தின் விதிகளை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவீர்கள் என்று 1971-இல் ரால்ஸ் கேட்டார். அடிப்படைச் சுதந்திரம் எல்லாருக்கும் சமம், ஏற்றத்தாழ்வு இருந்தால் அது மிகவும் பின்தங்கி நிற்பவருக்கு நன்மை தர வேண்டும் என்பது அவர் முடிவு.

நோசிக் 1974-இல் மடக்கினார். உங்களுக்குப் பிடித்த மாதிரியே பணத்தைப் பங்கிட்டாயிற்று என்று வையுங்கள். கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லினின் ஆட்டத்தைப் பார்க்க வருகிறவர்கள், அவர் பெயர் போட்ட பெட்டியில் ஆளுக்கு 25 சென்ட் போடுகிறார்கள். 10 லட்சம் பேர் வந்தால் 2,50,000 டாலர். யாரும் யாரையும் ஏமாற்றவில்லையே, அதில் கைவைக்க அரசு யார்?

உதாரணம் அபாரம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் கவலை சேம்பர்லின் இல்லை, அந்தப் பணத்தோடு பிறக்கும் பேரனும் அது இல்லாமல் பிறக்கும் அடுத்த வீட்டுப் பிள்ளையும்.

கேள்வி: ஹாயெக் ஏழைகளைக் கைவிட்டவர்தானே?

அவசரப்படாதீர்கள். எல்லாருக்கும் குறைந்தபட்ச உணவு, உடை, உறைவிடத்தை உறுதி செய்யலாம் என்று 1944-இல் எழுதிய பொருளியலாளர் அவர். பொருளாதாரம் முழுவதையும் அரசே தீர்மானிக்கும் மையத் திட்டமிடலைக் கண்டுதான் பயந்தார்.

கேள்வி: வெறுப்புப் பேச்சையும் லிபரல்கள் அனுமதிக்கத்தான் வேண்டுமா?

இங்கேயும் ஒற்றுமை கிடையாது. ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-இல் 'ஆன் லிபர்ட்டி' என்ற நூலில் ஒரு கோடு போட்டார். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதுங்கள், யாரும் தொடக்கூடாது. அதையே ஒரு வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்தின் முன் கத்தினால் தண்டிக்கலாம். இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது, எது பத்திரிகை, எது வாசல் என்பதில்தான் இன்றைய தகராறே.

கேள்வி: அந்த மில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர்தானே?

ஆமாம், 35 ஆண்டுகள். மழுப்ப ஒன்றுமில்லை. பின்தங்கியவர்கள் என்று அவர் நினைத்த சமூகங்களுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது என்று அதே 1859 நூலிலேயே எழுதினார். காரணம் சொல்லும் பொறுப்பை ஆளுகிறவன் மேல் வைத்தவர், ஆளப்படுகிறவன் காலனி நாட்டவன் என்றதும் தகுதியை நிரூபிக்கும் வேலையை அவன் தலையில் கட்டிவிட்டார்.