"பொறுதி" என்றால் பொறுமையா, நெம்புகோலைத் தாங்கும் இடமா?

இரண்டும்தான். பழைய பொருள் பொறுமை, மன்னிப்பு. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் நெம்பு (நெம்புகோல்), சுமை, எத்தனம் (நாம் கொடுக்கும் விசை) என்பவற்றோடு வரும் பொறுதி, நெம்பு எதில் ஊன்றித் திரும்புகிறதோ அந்த இடம். தமிழ்நாட்டில் ஆதாரப்புள்ளி, சுழலிடம் என்பார்கள். வேர் ஒன்றே: பாரத்தைத் தாங்குவதும் பொறுத்தல்தானே.

எனக்குப் பொறுதியே பொருத்தமாகப் படுகிறது. புள்ளி என்றதும் தாளில் வைத்த குறி நினைவுக்கு வரும். அந்த இடம் சுமக்கும் பாரம் மறந்துபோகும்.

கல் கிளப்பிப் பாருங்கள். 5 அடி அலவாங்கு (கடப்பாரைதான், போர்த்துக்கேய மொழியில் நெம்புகோலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர்). நுனியைக் கல்லுக்கு அடியில் செருகி, நுனியிலிருந்து 6 அங்குலத்தில் பொறுதி வையுங்கள். மறுமுனைக்கு 54 அங்குலம், ஆக 9 மடங்கு. நுனியில் 180 கிலோ பாரம் இருந்தால் 20 கிலோ அழுத்தம் போதும். ஆனால் பொறுதியின் மேல் இறங்குவது இரண்டும் சேர்ந்த 200 கிலோ. செங்கல் வைத்தால் உடையும், உருண்டைக் கல் வழுக்கி ஓடும், ஈரமண்ணில் எதுவும் புதையும். புதைந்தால் கை கீழே போகும், கல் அசையாது. அடியில் அகலப் பலகை போட்டு, மேலே தட்டையான கருங்கல்லோ வைரமான மரக்கட்டையோ வையுங்கள். பொறுதி 12 அங்குலத்துக்குத் தள்ளிப் போனால் 4 மடங்குதான். 45 கிலோ அழுத்த வேண்டும். கிட்டே வைத்தால் இலகு, ஆனால் கல் கொஞ்சம்தான் எழும்பும்: 6 அங்குலக் கணக்கில் கை 54 செ.மீ. இறங்கினால் கல் 6 செ.மீ. அதனால் எழும்ப எழும்பக் கட்டை கொடுத்துக்கொண்டே போக வேண்டும்.

பிள்ளைகள் பரீட்சையில் பிழை விடுவது, பொறுதி எப்போதும் நடுவில் இருக்கும் என்று எண்ணுவதால். கத்தரிக்கோலில் நடுவில்தான். பாக்குவெட்டியில் அது முனையிலுள்ள ஆணி. பாக்கு நடுவில், கை கடைசியில். இங்கே ஆணி தாங்குவது சுமையிலிருந்து எத்தனத்தைக் கழித்தால் வரும் அளவு. ஆணி தளர்ந்தால் அலகு விலகி, பாக்கு நொறுங்கும். முள் பிடுங்கும் இடுக்கியில் பொறுதி ஒரு முனை, எத்தனம் நடு. எந்த இடம் நகராமல் நிற்கிறது என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் துலாவில் (நீர் இறைக்கும் ஏற்றம்) ஆடுகாலையே பொறுதி என்று எழுதுவதும் உண்டு. ஆனால் ஆடுகால் என்பது துலாவைத் தாங்கி நிற்கும் தூண். துலா திரும்பும் அச்சுத்தான் பொறுதி.