மீட்டர் நல்லாத்தான் காட்டுது, குரல்தான் போகலை!

கேள்வி: என் ஹாம் (அமெச்சூர்) ரேடியோவுக்கு 10-ஆம் நம்பர் செம்புக் கம்பியில் நானே கிரவுண்ட் பிளேன் ஆண்டெனா செய்து மொட்டை மாடியில் நட்டிருக்கிறேன். நடுக்கம்பி 49 செ.மீ., கீழ்நோக்கிச் சாய்த்த நான்கு கம்பிகள் 52 செ.மீ. எஸ்.டபிள்யூ.ஆர். (அனுப்பும் அலை எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 145 மெகாஹெர்ட்ஸில் 1.4; 435-இல் 1.2. ஆனாலும் 435-இல் என் 5 வாட் கைக்கருவி பேசுவது பக்கத்து ஊர் நண்பருக்குக் கேட்பதில்லை. அறைக்கு 20 மீட்டர் ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் இழுத்திருக்கிறேன். - ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கம்பியில் கை வைக்காதீர்கள், அளவெல்லாம் சரி. 145-ஐ மூன்றால் பெருக்கினால் 435. அங்கே கால் அலைநீளமாக நிற்கும் கம்பி இங்கே முக்கால் அலைநீளமாகிவிடும். ஒரே கம்பி இரண்டு பேண்டுக்கும் வேலை செய்யும் சூட்சுமம் இவ்வளவுதான்.

எனக்குச் சந்தேகமே அந்த 1.2 மேல்தான். அது ரொம்ப நல்ல பிள்ளையாக இருக்கிறது!

நானும் இதே கூத்தில் ஒரு மாசம் தொலைத்தவன். ஒருநாள் மாடிக்குப் போய் ஆண்டெனாவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, கேபிள் முனையை வெறுமனே தொங்கவிட்டேன். அறைக்கு வந்து பவரைக் குறைத்து ஒரு நொடி பட்டனை அழுத்தினால், மீட்டர் 1.5 காட்டுகிறது. ஆண்டெனாவே இல்லை ஐயா!

காரணம் கேபிள். 435-இல் 20 மீட்டர் ஆர்ஜி-58 சுமார் 7 டெசிபெல், அதாவது ஐந்தில் நான்கு பங்கு பவரைத் தின்றுவிடும். 5 வாட் அனுப்பினால் மாடிக்குப் போய்ச் சேர்வது 1 வாட். மேலே மோதித் திரும்புவதிலும் வருகிற வழியில் இன்னொரு 7 டெசிபெல் போகும். கீழே இருக்கும் மீட்டருக்குத் திரும்பி வருவதே தெரியாது. அது ஆண்டெனாவுக்குத் தந்த சான்றிதழ் இல்லை, கேபிளின் ஏப்பம். 145-இல் இழப்பு கிட்டத்தட்ட பாதிதான், அதனால் அங்கே சமாளித்துவிடுகிறீர்கள்.

முதலில் மீட்டரை மாடிக்குக் கொண்டுபோய், ஒரு முழம் கேபிளில் ஆண்டெனாவோடு சேர்த்து அளந்து பாருங்கள். பிறகு கேபிளை மாற்றுங்கள். எல்எம்ஆர்-400 என்ற தடித்த கேபிள் என்றால் அதே 20 மீட்டரில் இழப்பு 2 டெசிபெல்லுக்குள் நிற்கும். விலை கையைக் கடித்தால், கைக்கருவியோடு மாடிக்கே போய்ப் பேசுங்கள்; காற்றும் வரும்.

இன்னொன்று. முக்கால் அலை ஆண்டெனா 435-இல் அடிவானத்தைவிட மேல்நோக்கித்தான் அதிகம் வீசும். பக்கத்து ஊர் நண்பருக்கு அது நஷ்டம். ஆனால் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ரிப்பீட்டர் (வரும் குரலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) இயங்கும்போது 437.800 மெகாஹெர்ட்ஸைக் கேட்டுப் பாருங்கள். நிலையம் நம் தலைக்கு மேல் ஏறும் அந்தச் சில நிமிடங்களுக்கு இந்தக் கம்பியை நான் எந்தக் கடை ஆண்டெனாவுக்கும் மாற்றமாட்டேன்.

மறந்துவிட்டேன்: கனெக்டரின் மேல்பக்கம் எம்-சீல் வைத்தீர்களா? ஐப்பசி மழைக்கு முன்னால் வையுங்கள்.