சனிக்கிழமை ரிப்போர்ட், திங்கட்கிழமை மருந்து

கேள்வி (சுருக்கம்): நாங்கள் கோத்தகிரி பக்கம். அப்பாவுக்கு வயது 66, சர்க்கரை உண்டு. சிறுநீர்த் தொற்று முற்றி பிரஷர் இறங்கியதால், கோவையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் சேர்த்தோம். தேறி வந்தவருக்கு ஒன்பதாம் நாள் மறுபடி குளிர்காய்ச்சல். கழுத்து ரத்தக் குழாயில் போட்ட லைன் (மருந்து ஏற்றும் குழாய்) வழியாக ரத்தத்தில் வேறு கிருமி ஏறிவிட்டது என்றார்கள். சனி மாலை, எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. பெரிய டாக்டர் திங்கள் காலை வந்துதான் மருந்தை மாற்றினார். புதன்கிழமை அப்பா இறந்துவிட்டார். நர்ஸ்கள் எரிந்து விழுந்தார்கள், உள்ளே விடவில்லை. 7 லட்சம் கட்டியும், பாக்கி 1.40 லட்சத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டுதான் உடலைத் தந்தார்கள். 16 மாதம் ஆகிறது. பாக்கியைத் தள்ளுபடி செய்து 3 லட்சம் தருகிறோம் என்கிறார்கள். அசுத்தத்தால் கிருமி வந்தது என்று கிரிமினல் கேஸ் போட்டு, 50 லட்சம் கேட்கலாமா?

பதில்: நர்ஸ் பேச்சையும் உடலுக்காகக் காத்து நின்றதையும் ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் வழக்குக்கு உதவுவது ஒரே வரிதான்: சனி மாலை ரிப்போர்ட், திங்கள் காலை மருந்து.

கிருமி மருத்துவமனையில் தொற்றியது என்பதே கவனக்குறைவு ஆகிவிடாது. கடுமையான செப்சிஸில் (தொற்று முற்றி உடல் உறுப்புகளையே பாதிக்கும் நிலை) சில நாள் கிடந்தவருக்கு எதிர்ப்புச் சக்தி படுத்துவிடும். கழுத்து லைன், சிறுநீர்க் குழாய் என்று கிருமி நுழைய வழிகளும் இருக்கும். நல்ல ஐ.சி.யூ.விலும் இது நடக்கிறது என்று அவர்கள் தரப்பு நிபுணர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆனால் லேப் சொன்ன பிறகும் ஞாயிறு முழுக்க மருந்து மாறவில்லை என்றால், அதற்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

கிரிமினல் கேஸை மறந்துவிடுங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2005 ஜேக்கப் மேத்யூ தீர்ப்புக்குப் பிறகு, மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் அந்தப் பக்கம் போக முடியும். நுகர்வோர் ஆணையம்தான் உங்களுக்கு வழி. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்; ஊட்டி போதும், கோவைக்கு இறங்க வேண்டாம்.

இனி நான் பயப்படும் இடம். உங்களைப் போன்றவர்கள் ஆத்திரத்தில் முதல் நோட்டீஸிலேயே 'அசுத்தம், கைகூடக் கழுவவில்லை' என்று எழுதிவிடுவார்கள். எதிர்த்தரப்பு மூன்று காகிதங்களை நீட்டும்: சேரும்போதே செப்சிஸ் என்ற குறிப்பு, தொற்று அபாயம் உண்டு என்று நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் டிக் அடித்த லைன் பராமரிப்புத் தாள். அசுத்தத்தை நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. அதன்பின் சாட்சிய வாக்குமூலத்தில் சனி, திங்கள் கதையைச் சேர்த்தால், 'இது நோட்டீஸிலேயே இல்லையே, பிறகு யோசித்துச் சேர்த்தது' என்று குறுக்கு விசாரணையில் உதிர்த்துவிடுவார்கள். ஜெயிக்க வேண்டிய வழக்குகள் இப்படித்தான் தோற்கின்றன.

அதனால் காகிதம் முதலில், நோட்டீஸ் பிறகு. கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவேடு) முழுவதையும் எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும். மூன்று வருடம்தான் அவர்கள் வைத்திருக்கக் கட்டுப்பட்டவர்கள். டெத் சம்மரியை மட்டும் கையில் திணித்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எனக்கு வேண்டியது லேப் ரிப்போர்ட் வெளியான நேரம், லேபிலிருந்து ஐ.சி.யூ.வுக்குப் போன் செய்ததைக் குறிக்கும் ரிஜிஸ்டர், மருந்து சார்ட்டில் புது ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ் நேரம். இன்னொன்று உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்: ஐட்டம் வாரியான ஃபார்மஸி பில். அந்த மருந்து பில்லில் முதலில் ஏறிய தேதியைப் பாருங்கள். 'சனிக்கிழமை வந்தது முதல்கட்ட ரிப்போர்ட், எந்த மருந்து கேட்கும் என்ற முடிவு திங்கள்தான் வந்தது' என்று நிச்சயம் சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் உங்கள் வழக்கு பாதியாகிவிடும்.

அடுத்த பள்ளம், பேச்சுவார்த்தை. வழக்குப் போடக் கெடு இரண்டு வருடம். உங்களுக்கு மிச்சம் எட்டு மாதம். நோட்டீஸ் அனுப்பியதாலோ, மெடிக்கல் கவுன்சிலில் புகார் கொடுத்ததாலோ, 'மேனேஜ்மென்ட்டிடம் பேசிவிட்டுச் சொல்கிறோம்' என்ற போன்களாலோ கெடு நிற்காது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான். அதை நம்பி உட்காராதீர்கள்.

50 லட்சம் பேச்சே வேண்டாம். 66 வயது, சர்க்கரை, ஏற்கனவே செப்சிஸ், வருமானத்துக்கு ஆதாரம் என்று ஃபேக்டரி தந்த பச்சைத் தேயிலைப் பட்டியல். சனிக்கிழமையே மருந்து மாறியிருந்தால் பிழைத்திருப்பார் என்று எந்த நிபுணரும் அடித்துச் சொல்லமாட்டார். ஃபார்மஸி பில்லில் அந்த ஞாயிறு வரை புது மருந்து ஏறவில்லை என்றால், 3 லட்சத்தை ஏற்றிக் கேட்டு சமாதானமாகப் போங்கள். ஏறியிருந்தால், தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். கோபம் வரும், ஆனாலும் இதுதான் என் யோசனை.

சமாதானப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் ஆவணங்கள் கையில் இருக்க வேண்டும். உடலுக்காக எழுதிக் கொடுத்த காகிதத்தின் ஒரிஜினலைத் திரும்ப வாங்குங்கள். அம்மா உட்பட வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பணம் டி.டி.யாக வரட்டும், பின்தேதி செக் வேண்டாம்.