பூனைக்குட்டியை இப்போது யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் 2 வயது நாய் இருக்கிறது. போன மாதம் தெருவில் கிடந்த ஒரு பூனைக்குட்டியையும் எடுத்து வந்தோம். அதற்கு இப்போது சுமார் 3 மாதம். இன்னும் தடுப்பூசி எதுவும் போடவில்லை. என் மனைவி 4 மாதக் கர்ப்பிணி. பூனை இருந்தால் கருவுக்கு ஆபத்து, உடனே யாரிடமாவது கொடுத்துவிடு என்கிறார் அம்மா. 4 வயது மகளோ குட்டியை மடியிலிருந்து இறக்குவதே இல்லை. 3 நாட்களுக்கு முன் அது பிறாண்டியதில் அவள் கையில் லேசாக இரத்தம் வந்தது. கை கழுவச் சொன்னால் சானிடைசர் தேய்த்துக்கொண்டு வந்து நிற்கிறாள். போதாக்குறைக்கு ஒரு குட்டி ஆமையும் வேண்டுமாம். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியில்தான் என் கண் நின்றது. தடுப்பூசி போடாத, எங்கிருந்து வந்தது என்று தெரியாத குட்டி. இரத்தம் வரும்படி ஒரு பிறாண்டல். 3 நாட்கள் ஆகிவிட்டன. கர்ப்பம், பூனை மலம் கழிக்கும் மணல் தட்டு எல்லாம் பிறகு. இன்றே மகளை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

காரணம் ரேபிஸ். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் பெரும்பகுதி நாயால் வருவது உண்மைதான். ஆனால் பூனையும் அதைப் பரப்பும். பூனை பாதத்தை நக்குவதால் நகத்திலும் எச்சில் இருக்கக்கூடும். தோல் கிழிந்து இரத்தம் கசிந்த பிறாண்டலை உலக சுகாதார நிறுவனம் மூன்றாம் வகைக் காயமாகக் கணக்கிடுகிறது. அதற்குத் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்த வேண்டும். தடுப்பூசி வேலை செய்யத் தொடங்கும் வரை காவல் நிற்பது அந்த மருந்துதான். உங்கள் குழந்தைக்கு என்ன தேவை என்பதை மருத்துவர் காயத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும். இத்தனை பதற்றம் எதற்கு என்றால், ரேபிஸ் வைரஸ் நரம்பு வழியாக மெதுவாக ஊர்ந்து மூளைக்குப் போகிறது. பெரும்பாலும் 2, 3 மாதங்கள் ஆகும். அதற்குள் தடுத்துவிட்டால் முழுப் பாதுகாப்பு. அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக மரணம்தான்.

இங்கேதான் உங்கள் அம்மாவின் யோசனை தவறாகப் போகிறது. கடித்த அல்லது பிறாண்டிய நாயையோ பூனையையோ 10 நாட்கள் கண்காணிக்க வேண்டும். பிறாண்டிய அன்று அதன் எச்சிலில் வைரஸ் இருந்திருந்தால், அந்த 10 நாட்களுக்குள் அது நோயுற்றுவிடும் அல்லது இறந்துவிடும். 10 நாட்கள் கடந்தும் துள்ளி விளையாடிக்கொண்டிருந்தால், அந்தக் காயத்தால் ரேபிஸ் வராது என்று உறுதியாகச் சொல்லலாம். மீதி ஊசிகளை நிறுத்துவதா என்பதை மருத்துவர் அதை வைத்தே முடிவு செய்வார். குட்டியை இன்று எங்கோ கொடுத்துவிட்டால், அந்தச் சாட்சியையே தொலைத்துவிடுகிறீர்கள். ஆனால் 10 நாட்கள் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள். சிகிச்சையும் கண்காணிப்பும் ஒன்றாகவே நடக்க வேண்டும். அதுவரை குட்டியை ஓர் அறையில் வைத்து, பெரியவர் ஒருவர் மட்டும் கவனித்துக்கொள்ளட்டும். அதற்கான ரேபிஸ் தடுப்பூசியையும் அந்த 10 நாட்கள் முடிந்த பிறகே போடுங்கள். ஊசியால் வரும் சோர்வு எது, நோயால் வரும் சோர்வு எது என்ற குழப்பம் அப்போது இருக்காது.

இனி எப்போது பல்லோ நகமோ பட்டாலும், முதல் வேலை சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவது. கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்; 15 நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. பொடி, களிம்பு என்று எதையும் அப்பி மூடாதீர்கள். பூனைக்கடி என்றால் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஊசி குத்தியதுபோல் சிறு துளைதான் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். ஒரே நாளுக்குள் கை வீங்கிச் சிவந்துவிடலாம். துளை சின்னது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது உங்கள் அம்மா சொல்வதற்கு வருவோம். அவர் ஒன்றுமில்லாததற்குப் பயப்படவில்லை. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் குடலில்தான் முட்டை போன்ற வித்துகளை உண்டாக்குகிறது. கர்ப்ப காலத்தில் ஒரு பெண்ணுக்கு முதன்முறையாக அந்தத் தொற்று வந்தால், குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம், கரு கலையவும் செய்யலாம். ஆனால் பூனை இந்த வித்துகளை வெளியேற்றுவது பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறை, அதுவும் 1 முதல் 3 வாரங்கள் வரை மட்டுமே. எலி, பறவை, பச்சை மாமிசம் தின்று முதன்முறை தொற்று வரும் காலம் அது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: வெளியே திரிந்து வந்த 3 மாதக் குட்டி என்றால், அந்தக் காலம் இதுவாகவே இருக்கலாம். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த வயதான பூனையைவிட இதனிடம் கூடுதல் கவனம் தேவை.

இருந்தாலும் நமக்கு அவகாசம் இருக்கிறது. அன்று போட்ட மலத்திலுள்ள வித்துகளால் உடனே தொற்ற முடியாது. அவை முதிர்வதற்கு 1 முதல் 5 நாட்கள் ஆகும். ஆக, மணல் தட்டை நாள் தவறாமல் சுத்தம் செய்யும் வீட்டில் அவை முதிர்வதற்கு முன்பே வெளியேறிவிடுகின்றன. இந்த வேலையை உங்கள் மனைவி செய்யக் கூடாது, நீங்கள் செய்யுங்கள். தினமும் ஒரே நேரத்தில், கையுறை போட்டு. தட்டைக் கழுவக் கொதிநீர் ஊற்றுங்கள். வழக்கமான கிருமிநாசினிகளுக்கு இந்த வித்துகள் அசைந்து கொடுப்பதில்லை. குட்டியை வெளியே விடாதீர்கள், பச்சை மாமிசம் கொடுக்காதீர்கள். வீட்டில் வேறு ஆளே இல்லை என்றால் மட்டும் மனைவி கையுறையோடு செய்து, பிறகு சோப்பு போட்டுக் கை கழுவலாம்.

பூனையைத் தடவுவதால் இது தொற்றுவது மிக அரிது. சொல்லப்போனால், சரியாக வேகாத இறைச்சியும், கையுறை இல்லாமல் தோட்ட மண்ணைக் கிளறுவதும், கழுவாத காய்கறியும் இந்த ஒட்டுண்ணி உடலுக்குள் வரும் முக்கியமான வழிகள். பூனையை விரட்டிவிட்டு அரைவேக்காட்டு இறைச்சி சாப்பிடுபவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வரும். மகப்பேறு மருத்துவரிடம் பூனை இருப்பதைச் சொல்லுங்கள். மனைவிக்கு ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் பார்க்க முடியும். கர்ப்பத்துக்கு முன்பே தொற்று வந்து போயிருந்தால் பொதுவாகக் குழந்தைக்குப் பாதிப்பில்லை.

நாயைப் பற்றி நீங்கள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எல்லோரும் அப்படித்தான், வந்து வெகுநாளான விலங்கின் மீது சந்தேகமே வருவதில்லை. ஆனால் மண்ணில் விளையாடும் குழந்தை இருக்கும் வீட்டில் நான் முதலில் கேட்பது நாய்க்குக் கடைசியாகக் குடற்புழு மருந்து கொடுத்தது எப்போது என்பதுதான். நாயின் உருண்டைப்புழு முட்டைகள் குழந்தையின் வாய்க்குள் போனால், புழுவின் இளம் பருவம் குடலைத் துளைத்துக்கொண்டு உடலுக்குள் அலையும். அரிதாகக் கண்ணுக்குள் போய்ப் பார்வையையும் கெடுக்கும். இதிலும் அவகாசம் உண்டு: முட்டை தொற்றும் நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும். மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் கதை முடிந்தது. அள்ளாமல் விட்டால் மலம் மழையில் கரைந்து காணாமல் போகும். முட்டைகள் மட்டும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வளர்ந்த நாய்க்குப் பொதுவாக 3 மாதங்களுக்கு ஒருமுறை குடற்புழு நீக்கம் போதும். குட்டிகளுக்கு இதைவிட அடிக்கடி தேவை. வீட்டை விட்டு வெளியே போகாத குட்டிக்குப் புழு எங்கிருந்து வரும் என்று பலர் கேட்பார்கள். தாயிடமிருந்துதான், நாய்க்குட்டிக்குக் கருவிலேயே, பூனைக்குட்டிக்குப் பால் வழியாக.

உண்ணி, தெள்ளுப்பூச்சி மருந்தை இரண்டுக்கும் மாதந்தோறும் போட்டுவிடுங்கள். பூனைப் பிறாண்டலால் வரும் காய்ச்சல் என்று ஒன்று உண்டு. சில நாட்கள் அல்லது வாரங்கள் கழித்து அக்குளிலோ கழுத்திலோ நெறி கட்டும். அந்தக் கிருமி பூனைகளிடையே பரவுவது தெள்ளுப்பூச்சியால்தான். அதன் எச்சம் பூனையின் நகத்தில் ஒட்டிக்கொள்கிறது. மகளுக்கு அப்படி நெறி கட்டினால் மருத்துவரிடம் பிறாண்டலை நினைவுபடுத்துங்கள். குட்டியின் காதோரமோ முகத்திலோ முடி வட்டமாக உதிர்ந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். கொஞ்சுவதை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாய்க்கு ரேபிஸோடு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் போட்டிருக்கிறதா என்று அதன் அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

சானிடைசர் விஷயத்தில் மகளிடம் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். பல பாக்டீரியாக்களையும் வைரஸ்களையும் அது கொல்லும். புழு முட்டையையும் டாக்ஸோபிளாஸ்மா வித்தையும் ஒன்றும் செய்யாது. சோப்பும் அவற்றைக் கொல்வதில்லை, ஆனால் கையிலிருந்து பெயர்த்துத் தண்ணீரோடு அனுப்பிவிடும். விலங்கைத் தொட்ட பிறகும் சாப்பிடும் முன்பும் 20 விநாடி, நகக்கண் உட்பட. நாய் முகத்தை நக்குவதையும், பூனை தலையணையில் படுப்பதையும் இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். விலங்குகளின் தட்டுகளைத் தேய்க்கத் தனி நார் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆமைக்கு என் பதில், வேண்டாம். மனிதர்களுக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் தரும் சால்மோனெல்லா பாக்டீரியா, ஆமையின் குடலில் எந்த நோய்க்குறியும் காட்டாமல் வாழும். அதன் ஓட்டிலும் தொட்டித் தண்ணீரிலும் பரவியிருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, மருந்து கொடுத்து நிரந்தரமாக நீக்கவும் முடியாது. அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க 1975ஆம் ஆண்டு தடை விதித்தார்கள். குழந்தைகள் அவற்றை வாயில் வைத்துக்கொண்டதும் ஒரு காரணம். 5 வயதுக்குக் குறைந்த குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் வீட்டில் ஊர்வன எதுவும் வேண்டாம். பிறக்கப்போகும் குழந்தையையும் கணக்கில் சேர்த்தால், மகள் இன்னும் 5 ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவளே மறந்துவிடுவாள் என்று நினைக்கிறேன்.