வீட்டில் நமுத்த வாடை: வாசனை வாங்கும் முன் தண்ணீரைத் தேடுங்கள்

கேள்வி: நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்க வீடு பூட்டியே கிடக்கும். மாலையில் கதவைத் திறந்ததும் குப்பென்று ஒரு நமுத்த வாடை அடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் அது தெரியாமல் போய்விடுகிறது. தினமும் தரை துடைக்கிறோம், ஸ்பிரே அடிக்கிறோம், வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து ஊற்றியும் பார்த்துவிட்டோம். வாடை போக்கித் தரும் நிறுவனம் ஒன்றின் ஆள் வந்து 'ஓசோன் ட்ரீட்மென்ட்' செய்தே ஆக வேண்டும் என்கிறார். அதிகம் செலவழிக்கும் நிலையில் இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த ஓசோன் விஷயம். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். ஓசோன் நுரையீரலை அரிக்கும் வாயு. மனிதர் சுவாசிக்கத் தக்க பாதுகாப்பான அளவில் அது வாடையைப் பெரிதாக எதுவும் செய்வதில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வாடையைக் கொல்லும் அளவுக்கு ஏற்றினால் அது உங்களுக்கே ஆபத்து. அப்படியே செய்தாலும், வாடை ஊறிவரும் இடம் அங்கேயே இருக்கும். சில நாளில் பழையபடி ஆகிவிடும். அப்போது அவர் அடுத்த தவணைக்கு வருவார். இந்தத் தொழிலில் பாதிப்பேர் வீட்டில் எந்த மூடியையும் தூக்கிப் பார்ப்பதில்லை. வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு விலை சொல்கிறார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நீங்கள் எழுதியதிலேயே ஒரு நல்ல துப்பு இருக்கிறது. திறந்ததும் அடிக்கிற வாடை கொஞ்ச நேரத்தில் தெரியாமல் போவதற்கு, அது வெளியேறிவிட்டது என்று அர்த்தமில்லை. உங்கள் மூக்கு பழகிவிட்டது என்று அர்த்தம். ஆகவே வெளியே போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்து, எல்லா அறைக் கதவுகளும் சாத்தியிருக்கும்போதே ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பாருங்கள். எந்த அறையில் முதல் மூச்சிலேயே தூக்கலாக இருக்கிறதோ, அங்கேதான் வேலை.

பெரும்பாலும் அது குளியலறையாகவோ, யாரும் புழங்காத இன்னொரு கழிப்பறையாகவோதான் இருக்கும். தரையில் தண்ணீர் வடியும் ஓட்டை மேல் ஒரு சல்லடை மூடி இருக்கிறதல்லவா, அதைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே தண்ணீர் தேங்கி வெளிச்சத்தில் மின்ன வேண்டும். அந்தத் தேங்கிய தண்ணீருக்குத்தான் டிராப் என்கிற வளைவே. சுமார் 50 மில்லிமீட்டர் ஆழத்துக்கு அங்கே நிற்கும் தண்ணீர், சாக்கடைக் குழாயிலிருந்து காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுக்கும் பூட்டு. புழங்காத குளியலறையில் அது ஆவியாகி வற்றிவிடும். வற்றினால் குழாயின் வாய் நேரே உங்கள் வீட்டுக்குள் திறந்து கிடக்கிறது. ஜன்னல்களைச் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் நிலைமை இன்னும் மோசம்: வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக அந்த ஓட்டை வழியே சாக்கடைக் காற்றை ஃபேனே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஃபேன் போட்டால் வாடை கூடுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் டிராப்பைத்தான் பார்ப்பேன்.

வைத்தியம் ஒரு வாளித் தண்ணீர். உள் வழவழப்பைப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டு ஊற்றுங்கள். புழங்காத குளியலறை என்றால் வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும். பல நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால், கடைசியாக இரண்டு ஸ்பூன் மினரல் ஆயில் விட்டுவிட்டுப் போங்கள். அது மேலே படர்ந்து தண்ணீர் ஆவியாவதைத் தாமதிக்கும். தண்ணீர் ஊற்றியும் மறுநாளே வற்றியிருந்தாலோ, பக்கத்தில் ஃபிளஷ் பண்ணும்போது அந்த ஓட்டை 'கொடகொட'வென்று சத்தம் போட்டாலோ, அது ஆவியாவதல்ல. குழாயில் காற்றோட்டம் சரியில்லாமல் தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. அதற்கு ப்ளம்பர் வேண்டும், வாசனைத் திரவியம் வேண்டாம். ஒரு கட்டடத்தைப் பார்த்து ஒப்புதல் தருபவர்கள் டைல்ஸைப் பார்க்கிறார்கள், பெயின்ட்டைப் பார்க்கிறார்கள். டிராப்பில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று ஒரு குச்சியை விட்டு அளந்து பார்ப்பவரைக் காண்பது அரிது. குடிவந்தவர்கள்தான் ஆண்டுக்கணக்கில் ஸ்பிரே அடித்து அதற்குத் தண்டம் கட்டுகிறார்கள்.

அடுத்த சந்தேகம் ஈரம். நமுத்த வாடை என்று எழுதியிருக்கிறீர்கள். அது பூஞ்சையின் வாடையாகவே இருக்கலாம். அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், சிங்குக்குக் கீழே கையை வைத்துப் பாருங்கள். சுவர் சில்லென்று இருந்தால் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி 24 மணி நேரம் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்து கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது: கசிவு. தாளின் வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் சுவரில் படிகிறது. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கசிவுள்ள சுவரின் மேல் 'டேம்ப் ப்ரூஃப்' என்கிற ஈரம் தடுக்கும் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்று வரும் கான்ட்ராக்டரிடம், கசிவு எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் அவர் மறைக்கத்தான் வந்திருக்கிறார். வீடு காட்டும் புரோக்கர்களும் இதே வேலையைச் செய்கிறார்கள்: புதுப் பெயின்ட், தூக்கலான வாசனை. வீடு பார்க்கப் போன இடத்தில் வாசனை மூக்கைத் துளைத்தால் இன்னொரு நாள் சொல்லாமல் போய்ப் பாருங்கள்.

நனைந்த எதையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. வீட்டுக் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 30-லிருந்து 50-க்குள் இருக்க வேண்டும். ஈரப்பதமானி மலிவான கருவிதான். இந்த விஷயத்தில் காசு செலவழித்துத்தான் தீர வேண்டும் என்றால் இதற்குச் செலவழியுங்கள்.

காற்றோட்டம் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டைக் காலையிலும் மாலையிலும் கால் மணி நேரம் திறந்து வையுங்கள். ஆனால் 'ஜன்னலைத் திற' என்பதை எல்லா நாளும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது. இதில் பலரும் ஏமாறுவதால் விளக்கமாகவே சொல்கிறேன். சூடான காற்று அதிகத் தண்ணீரைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும். 30 டிகிரி காற்றின் ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி அடங்கும். 20 டிகிரியில் சுமார் 17 கிராம்தான் அடங்கும். வெளியே வெக்கையும் புழுக்கமுமாக இருக்கும்போது, குளிர்ந்து கிடக்கும் அறையின் ஜன்னலைத் திறந்தால், உள்ளே வரும் காற்று குளிர்கிறது, தாங்க முடியாத தண்ணீரைச் சுவரிலும் துணியிலும் இறக்கிவிடுகிறது. காற்றோட்டம் கொடுத்ததாக நினைப்பீர்கள். உண்மையில் பூஞ்சைக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். ஏசி போட்டு அணைத்த அறை, தரைக்குக் கீழுள்ள அறை, வடக்குப் பார்த்த வெயில் படாத அறை எல்லாமே இந்த வகை. மழை பெய்துகொண்டிருக்கும்போதும் அப்படித்தான். அந்த நாட்களில் ஜன்னலைச் சாத்திவிட்டு, குளித்ததும் சமைத்ததும் மட்டும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள் (டிராப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு). மழை விட்டு வெளிக்காற்று உலர்ந்ததும் திறங்கள். எப்போது திறப்பது என்ற குழப்பமே வேண்டாம் என்றால், ஈரப்பதமானியைப் பாருங்கள்: திறந்த கொஞ்ச நேரத்தில் எண் ஏறினால் சாத்துங்கள், இறங்கினால் திறந்தே வையுங்கள்.

துணிமணி விஷயம் சுருக்கமாக. துவைத்து உலர்ந்த பிறகும் துண்டில் வரும் புளித்த வாடைக்கு மொராக்செல்லா என்ற பாக்டீரியா காரணம் என்று 2012-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். உலர்வதால் அது சாவதில்லை. துணி தாங்குமானால் 60 டிகிரி சுடுநீரில் துவையுங்கள், துவைத்ததும் மெஷினிலிருந்து எடுத்து விரித்துப் போடுங்கள். மெஷின் கதவைத் திறந்தே வையுங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பைத் துணியால் துடைத்தால் கறுப்பாக வருவதைப் பார்ப்பீர்கள்.

வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நுரைப்பதைப் பார்த்தால் ஏதோ பலமான வேலை நடப்பதுபோல் தெரியும். ஒன்று அமிலம், மற்றது காரம். ஒன்றையொன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீர்தான். தனித்தனியாகப் பயன்படுத்துங்கள். புளித்த, அழுகிய வாடைக்குச் சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டுக் கூட்டிவிடுங்கள். கவிச்சிக்கும் சிறுநீர் வாடைக்கும் தண்ணீர் கலந்த வினிகர். ஆனால் பிளீச்சுடன் வினிகர் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கிளீனரோ சிறுநீரோ பிளீச்சுடன் சேர்ந்தாலும் நச்சு வாயுதான்.

வாசனை ஸ்பிரேக்கள் வாடையை எடுப்பதில்லை, அதன்மேல் இன்னொன்றைப் பூசுகின்றன. எலுமிச்சை, பைன் வாசனைப் பொருட்கள் காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்தால் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு உண்டாகும். பல நாடுகளில் லேபிளில் 'வாசனைப் பொருள்' என்று ஒற்றைச் சொல்லைப் போட்டுவிட்டால் போதும், உள்ளே என்னென்ன என்று சொல்ல வேண்டியதில்லை. இதை எத்தனை காலத்துக்கு அனுமதிப்பார்களோ தெரியவில்லை. 'இயற்கை' என்று போட்டிருப்பதும் எந்த உத்தரவாதமும் அல்ல.

காற்றைச் சுத்தம் செய்யும் செடிகள் என்று விற்பவர்களையும் நம்ப வேண்டாம். 1989-இல் நாசா செய்த ஆய்வைக் காட்டுவார்கள். அது மூடிய சிறு பெட்டிக்குள் செய்த சோதனை. ஜன்னல் வழிக் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடிகளாவது, சில கணக்குப்படி 1000 வரைகூட வேண்டும் என்று 2019-இல் வெளியான மறு ஆய்வு காட்டியது. செடி அழகுக்கு இருக்கட்டும்.

ஆகவே இன்றிரவே ஓட்டைகளில் தண்ணீர் ஊற்றுங்கள், நாளை சுவரில் தாளை ஒட்டுங்கள். ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள். இடையில் இரண்டு வாடைக்கு மட்டும் பொறுக்காதீர்கள். அழுகிய முட்டைக்கோஸ் போன்ற வாடை அடுப்புப் பக்கம் வந்தால் அது எரிவாயுக் கசிவு. சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியேறி வெளியிலிருந்து போன் செய்யுங்கள். மீன் இல்லாத வீட்டில் மீன் கவிச்சி அடித்தால் சுவிட்ச் போர்டுகளை மோந்து பாருங்கள். சூடேறிய பிளாஸ்டிக் அப்படி நாறும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.